போன விழாதான் விழா

ரசிகர்களில் பல வகை உண்டு. தனக்குப் பிடித்த ஆட்டக்காரர் தோற்றால் சாப்பிடாமல் படுப்பவர், பாடகரின் தும்மலைக்கூடப் பதிவு செய்து வைத்துக்கொள்பவர் என்று எல்லாரையும் நாம் பார்த்திருக்கிறோம். இவர்களால் ஆபத்தில்லை. பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். நான் சொல்ல வந்தது வேறொரு ஜீவன். தான் உயிராக நேசிக்கும் ஒன்றைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல நேர்ந்தால் இதற்கு வாய் கோணிக்கொள்ளும். ஆண்டுவிழா ரசிகர் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் ஓர் அறிவியல் புனைகதைத் தொடர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உச்சரிப்பைத் திருத்தி நான்கு பக்கக் கடிதம் வரும். கிரகத்துக்குக் கிரகம் தபால் கொண்டுபோகும் ஒரு பழைய விண்கலம், அதற்கு ஒரு கேப்டன், கடிதங்களைப் பட்டுவாடா செய்ய ஓர் இயந்திரத் தபால்காரன். இவ்வளவுதான் விஷயம். ஐம்பது வருடங்களாக ஓடுகிறது. கேப்டனாக நடித்தவர்கள் மாறினார்கள், கலத்தின் வடிவம் மாறியது, எழுதியவர்களில் சிலர் காலமானார்கள், தபால் மட்டும் நிற்கவில்லை. பத்தாம் ஆண்டு, வெள்ளிவிழா, நாற்பதாம் ஆண்டு என்று வரும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சிறப்புப் பகுதி எடுத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் காட்டுவார்கள். நமக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுவிழா ரசிகருக்கு அது ஒரு வழக்கு. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, விசாரணைதான் பாக்கி.

எங்கள் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி. தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. சோதனைச் சட்டத்தை நம் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டதா, இப்ப போட்டதா, எது தெளிவா இருக்கு?" என்று பொறுமையாகக் கேட்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு" என்றால் சரியென்று குறித்துக்கொள்வார். அந்தப் பொறுமை கடையைப் பூட்டியதும் கடைக்குள்ளேயே தங்கிவிடும். தொடர் விஷயத்தில் இரண்டும் ஒன்றாக இருந்ததே கிடையாது. முதலில் போட்டதுதான் எப்போதும் தெளிவு.

இதை அவதூறாகச் சொல்லவில்லை. ஒரு நாள் என் கண்ணாடி தயாராகும் வரை உட்கார்ந்திருந்தபோது, மேசைக்குக் கீழே அவர்கள் ரசிகர் வட்டம் நடத்தும் மாத இதழின் பழைய பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தேன். வெள்ளிவிழா வந்த மாதம் அவர் எழுதியிருந்தார்: "அவமானம். பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியின் எளிமை எங்கே?" பதினைந்து வருடம் தள்ளி, நாற்பதாம் ஆண்டு வந்த மாதம்: "குப்பை. வெள்ளிவிழாவின் கம்பீரம் எங்கே?" எழுத்துருகூட மாறவில்லை. புதிதாக வந்தவர் வரிசையில் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்ற டிக்கெட் கவுண்டர் நியாயம் அது. அடுத்த ஆள் வந்து பின்னால் நின்றதும் முன்னவருக்கு மரியாதை கூடிவிடுகிறது.

இந்த இனத்தோடு வாதாட நினைக்காதீர்கள். பழைய கேப்டனைத் திரும்பக் கொண்டுவந்தால், "செத்தவனை எழுப்பி உக்கார வச்சுச் சம்பாதிக்கிறாங்க." கொண்டுவராவிட்டால், "நன்றி கெட்டவங்க, ஒரு ஃபோட்டோகூடக் காட்டலையே!" கதை புரிந்தால், "சின்னப்பிள்ளைங்களுக்கு எடுத்திருக்காங்க." புரியாவிட்டால், "இவங்களுக்கே புரியல சார்." அந்தக் காலத்துக் கலத்தின் சுவர் அட்டை; யாராவது சாய்ந்தால் ஆடும். "அட்டைன்னு தெரிஞ்சும் நம்பினோமே, அதான் கலை" என்பார். இப்போது உண்மையான தகட்டில் செய்கிறார்கள். "பளபளன்னு இருக்கு, உயிர் எங்க?" உயிர் அட்டையில் இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. இத்தனையும் சொல்லி முடித்து, மார்பில் கை வைத்து ஒரு வாக்கியம் சேர்ப்பார்: "குறை சொல்லணும்னு சொல்லல சார். பாசத்துல சொல்றேன்." நேசிக்கிறவன் இப்படிப் பேசுவானென்றால் பகைவன் எப்படிப் பேசுவான்? பகைவன் பேசமாட்டான். அவன் அன்று வேறு சேனல் பார்த்திருப்பான்.

சரி, யாருக்கு என்ன நஷ்டம், சொல்லிவிட்டுப் போகட்டுமே என்றுதான் நானும் இருந்தேன், பொன்விழா வரும் வரை.

அவருக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது, வெளியூரில் படிக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அப்பாவும் மகளும் பேசுவார்கள். "சாப்டியா?" "சாப்ட்டேன்." "இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்." இந்த உரையாடல்தான் பல வருடங்களாக மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மகள் பொன்விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அவளாகவே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வரேன், அப்பாகூட உக்காந்து பாக்கறேன்" என்றிருக்கிறாள். மனிதர் மூன்று நாள் தரையில் நடக்கவில்லை. சோபாவைத் தானே துடைத்தார். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார்.

அவர் மனைவி கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர், அளந்து பேசுபவர். ஞாயிற்றுக்கிழமை மாலை என் முன்னாலேயே சொல்லிவிட்டார். "இங்க பாருங்க. ஒம்பது வயசுக்கப்புறம் இன்னிக்குத்தான் அவ உங்ககூட இதைப் பாக்க உக்கார்றா. ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காதீங்க. முடிஞ்சதும் அவ கேட்டா, நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இதுல கோட்டை விட்டீங்கன்னா மறுபடி வரமாட்டா."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றார் அவர்.

"சின்னப்பிள்ளைன்னா சொல்றதக் கேக்கும்."

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏதாவது வெடித்தால் நடுவில் தலையணை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

உள்ளதைச் சொல்லவேண்டும், மனிதர் தாக்குப்பிடித்தார். பத்தாவது நிமிடம் புதுக் கேப்டன் தொப்பியில்லாமல் வந்தபோது அவருடைய வலது முழங்கால் ஆடத் தொடங்கியது. கலம் பளபளவென்று திரும்பியபோது தொண்டையைச் செருமினார். அதன் பிறகு வரிசையாக இருமல். ஒவ்வொரு இருமலும் ஒரு பத்தி. மகள் ஓரக்கண்ணால் பார்த்து, சிரித்து, தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சாய்ந்தும் விட்டாள். கடைசிக் காட்சியில், ஐம்பது வருடத் தாமதமாக வந்த கடிதத்தை ஒரு கிழவர் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்கே கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. சுமாரான காட்சி இல்லை அது.

விளக்கைப் போட்டார்கள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லா இருந்துச்சுல்லப்பா?"

அவளுக்குப் பின்னால் நின்ற மனைவி கண்ணாலேயே "ஆமான்னு சொல்லுங்க" என்றார். இரண்டெழுத்து. உலகத்தில் இதைவிட மலிவாக ஒரு மகளை யாரும் திரும்பப் பெற்றதில்லை.

"ம்... இருந்துச்சு" என்றார். நாங்கள் மூச்சு விட்டோம். "ஆனா நாப்பதாவது வருஷத்து ஸ்பெஷல் மாதிரி வருமா? அதுல கடைசில அந்தத் தபால்காரன் லெட்டரைக் குடுத்துட்டு, படிக்கட்டுல உக்காந்து அப்பிடியே அணைஞ்சு போவான் பாரு! இதே சோபா. நான் அன்னிக்கு அழுதுட்டேன் பாப்பா."

சாய்ந்திருந்த மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அழுதது நான்பா."

"என்ன?"

"அழுதது நான். நீங்க சத்தத்தைக் குறைச்சுட்டு, கலத்துக்கு ஆறு ஜன்னல்தான், இவங்க ஏழு வச்சிருக்காங்கன்னீங்க. 'இதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா, இது வெறும் விளம்பரம்'னீங்க. மறுநாள் நான் அந்தக் கலத்தை வரைஞ்சு குடுத்தேன். ரப்பர் எடுத்து ஒரு ஜன்னலை அழிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தீங்க."

நான் சுவர்க் கடிகாரத்தை ஆராய்ந்தேன். மனிதர் நடிக்கவில்லை, உண்மையிலேயே திகைத்துப்போயிருந்தார். "நானா அப்பிடிச் சொன்னேன்?"

"சொன்னது மட்டுமா, பத்திரிகைலயும் எழுதினீங்க" என்றார் மனைவி.

அவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார். மன்னிப்பு வரப்போகிறது என்றே நினைத்தேன். பிறகு, நாணயமான ஒரு மனிதர் கணக்கைச் சரிபார்த்துச் சொல்லும் குரலில் சொன்னார்: "அப்ப அது மோசமாத்தான் இருந்துச்சு கண்ணு. அப்புறம்தான் நல்லாயிடுச்சு."

அழகு பொருளில் இருக்கிறதா, பார்ப்பவர் மனதில் இருக்கிறதா என்று பெரிய பெரிய தலைகள் தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் இல்லை, அது காலண்டரில் இருக்கிறது என்று ஒருவர் சோபாவில் உட்கார்ந்தபடியே முடித்துவைத்துவிட்டார்.

"அப்ப இன்னிக்குப் பாத்தது எப்பப்பா நல்லாகும்?" என்றாள் மகள்.

"அதுக்கு ஒரு பத்து வருஷம் போகணும்."

கிண்டல் என்றே அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்ட வாடிக்கையாளருக்குச் சொல்வது போலச் சொன்னார். மகள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "சரி. பத்து வருஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் அங்கிருந்து பொன்விழாப் பகுதியின் தொடக்க இசை மெதுவாகக் கேட்டது. தன் கைப்பேசியில் முதலிலிருந்து போட்டிருக்கிறாள்.

மனிதருக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய்ப் பாதி சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "வரதுன்னா வாங்கப்பா. பேசக் கூடாது."

ஒரு காலை உள்ளே வைத்தார். மனைவி என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"பேசலம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்தத் தொப்பி..."

கதவு சாத்தப்பட்டது. அறைந்தெல்லாம் சாத்தவில்லை, மெதுவாகத்தான். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பது போல அவர் எங்களைப் பார்த்தார், பிறகு ரசிகர் வட்டத்தின் இன்னொரு தூணான லிஃப்ட் மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தார். தொப்பி பற்றி முக்கால் மணி நேரம். அந்தப் பக்கத்திலிருந்து ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் முதல் வண்டிக்கே மகள் கிளம்பிவிட்டாள்.

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம், இப்படியும் ஒருவர் என்று சொல்லலாம். உங்களுக்கு விண்கலமும் தெரியாது, தபால்காரனும் தெரியாது, ரசிகர் வட்டம் எதிலும் சந்தா கட்டியதில்லை. நல்லது. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் எதையோ பார்த்தோ கேட்டோ முகம் மலர்ந்து, "நல்லா இருக்குல்ல?" என்று கடைசியாக உங்கள் பக்கம் திரும்பினாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஞாபகம் வரவில்லையா? பரவாயில்லை. அவரைக் கேளுங்கள், வார்த்தை மாறாமல் சொல்வார்.