குதிரையின் பின்பாதி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஒரே ஒரு நாள் பேசினேன். அதன் பலனைத்தான் எழுதுகிறேன்.

மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், அடுத்த வாரம் எங்கள் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க வந்தார்கள். மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. இனி எல்லாம் பையனின் அப்பா கையில். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். (நமக்குன்னு வந்து வாய்ச்சதைப் பாருங்க.)

"ஏனுங்க, மரமாட்டம் நிக்காதீங்க. ஏதாச்சும் பேசுங்க, ஊமைன்னு நெனச்சுப்போடுவாங்க" என்று மனைவி என்னை விரட்டினாள்.

தோட்டத்தை ஒட்டி, ஏதோ ஒரு பாளையக்காரர் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. வாத்தியாரை அங்கே கூட்டிப்போனேன். அங்கே ஒரு கல்லில் குதிரையின் முன்பாதி மட்டும் செதுக்கியிருக்கும்.

"பின்பாதி எங்கீங்க?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எதிரிப் படை தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன்.

"பாதிக் குதிரையை மட்டுமா?"

"ஆமாங்க. ராசா தொரத்திட்டு வரக் கூடாதுன்னு."

(என்னோட வாயா இதுன்னு எனக்கே ஆச்சரியம்.) அப்புறம் நிற்கவில்லை. இரண்டு ராணி, ஒரு சுரங்கம், ஏழு நாள் சண்டை. அவர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்.

வீடு திரும்பியதும் கால் கழுவப் பின்பக்கம் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். எங்கள் துணி துவைக்கும் கல்லின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கல்லின் பக்கவாட்டில் இரண்டு பின்னங்கால்கள், ஒரு வால்.

"ஏனுங்க, எதிரிப் படை இங்கதான் தங்கியிருந்துச்சுங்களா?"

"படையில ரெண்டே பேருதானுங்க. எங்கப்பாவும் நானும். மாட்டுவண்டியில ஏத்திட்டு வந்தோமுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவர் நோட்டில் எழுதிய பக்கத்தைக் கிழித்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் செருகினார்.

"பொய்யை இத்தனை மோசமாச் சொல்றவரு ஊட்டுல நம்பிப் பொண்ணு எடுக்கலாமுங்க, சம்பந்தி."

அவர் போட்ட ஒரே நிபந்தனை, குதிரை கோட்டைக்குத் திரும்ப வேண்டும் என்பது. டிராக்டரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். முன்பாதி கம்பீரமாக நிற்கிறது. வால் மட்டும் துவைத்துத் துவைத்து எலிவாலாகிவிட்டது.

இன்றும் மகள் வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனால் சம்பந்தி எனக்குத்தான் போன் செய்கிறார்.

"ஏனுங்க, படை இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?"

எழுதி முடித்தது: ஆடிப் பதினெட்டு, சம்பந்தி வீட்டு விருந்து முடிந்து வந்த சாயங்காலம்.