வடை சிறுத்த காலம்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
மொன்றியல்.
கார்த்திகை 2008, வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் வின்சன்ட் அவர்களுக்கு,

நடராசா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நலம். அங்கே கல்லடியில் நீங்களும் என் தங்கை யோகராணியும் நலமாக இருக்க மாமாங்கேஸ்வரரையும், உங்கள் பக்கத்துக்கு மாதாவையும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு பேரையும் சேர்த்து வேண்டுவது பயத்தினால்தான். இனி எழுதப்போவதைத் தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், அவளுக்குப் பிரஷர் இருக்கிறது.

மச்சான், உலகம் கவிழப் போகிறது. அமெரிக்காவில் பெரிய பெரிய வங்கிகள் எல்லாம் படுத்துவிட்டதை உங்கள் ரேடியோவிலும் சொல்லியிருப்பார்கள். முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அதே கிழமை பேத்தி தீப்தி பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆல்பம் செய்யத் தொடங்கினாள். இரண்டு உலகப் போருக்கும் இடைப்பட்ட காலம் பற்றியது. படம் படமாக ஒட்டி, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் எனக்கு விளங்கப்படுத்தினாள். ஜெர்மனியில் காசு வெறும் கடதாசியாகிப் போய், ஒரு பொம்பிளை நோட்டுக்கட்டை அடுப்பில் வைத்து எரிக்கிறாள், ஒருவன் தள்ளுவண்டி நிறையக் காசு தள்ளிக்கொண்டு பாண் வாங்கப் போகிறான், மறுகா அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்து, வேலையில்லாத சனம் சூப்புக்கு வரிசையில் நிற்கிறது, இதே மொன்றியலிலும் நின்றதாம், மறுகா ஒரு சின்ன மீசைக்காரன் மேடையில் கத்துகிறான், மண்ணிறச் சட்டைக்காரர் அணி அணியாக நடக்கிறார்கள், சனம் கை தட்டுகிறது. கடைசி வரிசையில் என் வயதில் ஒரு கிழவன், அவனுக்கும் அந்தச் சட்டை. எனக்கு வந்த கோபத்தில், "இந்தக் கிழட்டுக்கு என்ன கேடு? வீட்டில கிடக்கேலாதா?" என்று கேட்டேன். "அதைத்தான் எங்கட மெஸ்ஸியேயும் கேக்கிறார், அப்பப்பா. சாதாரண ஆக்கள் ஏன் போய்ச் சேந்தவை எண்டு கடைசிப் பக்கத்தில காட்டட்டாம். எனக்கு ஒண்டும் வருகுதில்லை" என்றாள். மெஸ்ஸியே என்பது அவளுடைய வாத்தியார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டுப்பாடு எங்களுக்குத் தெரியாததா, மச்சான்? முதலில் மண்ணெண்ணெய் போகும், மறுகா சீனி போகும். ஆகவே நிலவறையில் அரிசி மூட்டைகளும் மீன்ரின்களும் மெழுகுதிரியும் அடுக்கினேன். அடுக்கி முடித்து இளைப்பாறும்போதுதான் யோசனை வந்தது. விலை ஏறினால் தள்ளுவண்டியின் விலையும் ஏறும்தானே? அப்போது தள்ளுவண்டி வாங்கப் போகிற காசை எதில் தள்ளிக்கொண்டு போவது? இதை அந்த ஜெர்மன்காரர் யோசிக்கவில்லை. உடனே ஆறுமுகத்தாரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஆறுமுகத்தார் சேலத்துக்காரர், பக்கத்துத் தெருவில் மகன் ராகவ் வீட்டில் இருக்கிறார். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டமே தெரியாமல் வந்த மனிதரை நான் பழக்கினேன், இப்போது சீட்டு மேசையில் அவர் எனக்கு நிரந்தர இணை. பொய் சொல்லக் கூடாது, இந்தக் குளிர் நாட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே சிநேகிதர் அவர்தான். தள்ளுவண்டியை பஸ்காரன் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். நடந்தே தள்ளிக்கொண்டு வந்தோம். பாதி வழியில் என் முழங்கால் மடங்கிவிட்டது. "உக்காருங்க சார், நான் தள்றேன். யாரு பாக்கப் போறா?" என்றார். முழு ஊரும் பார்த்தது. எதிர்வீட்டு மாக்கிரட் "போன்ஜூர்" சொல்ல, நானும் வண்டிக்குள் இருந்தபடி கை காட்டினேன். ஆறுமுகத்தாருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் இறக்கிவிடவில்லை. வீட்டில் மருமகள் சுதாஜினி, "மாமா, இஞ்ச ஆக்கள் பாங்க் காட் தேய்க்கிறவை. அதைத் தள்ள வண்டில் என்னத்துக்கு?" என்று கேட்டாள். கராஜில் தள்ளுவண்டி நிற்பதால் மகன் மதிசுதனின் கார் பனியில் நிற்கிறது, காலையில் ஐஸ் சுரண்டும்போது என் யன்னலைப் பார்த்துப் பார்த்துச் சுரண்டுகிறான்.

இது போதாதென்று இப்போது எங்கள் இலங்கைத் தமிழர் மூத்தோர் மன்றத்திலும் முட்டுப்பாடு பிடித்துக்கொண்டது. மண்டபக்காரன் வாடகையைக் கூட்ட, மத்தியானச் சாப்பாட்டில் கோழி போய்ப் பருப்பு வந்தது, பிறகு வடை சிறுக்கத் தொடங்கி, இப்போது கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டும். சனம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அப்போது அல்பேட் எழும்பினார். திருகோணமலைக்காரர், இத்தனை வருடமும் கதிரை அடுக்கிக்கொண்டு இருந்த இடம் தெரியாமல் இருந்த மனிதர். மீசை இல்லை, அதனால்தான் எனக்கு முதலில் சந்தேகம் வரவில்லை. கதிரையில் ஏறி நின்று, "வடை சிறுக்கேல்லை, சனங்களே! வாய் கூடிப்போச்சு! இந்தியாக்காரர் ஆறு மாத விசாவில வந்து எங்கட வடையைத் திண்டுபோட்டுப் போகினம்!" என்று ஒரு கத்துக் கத்தினார். மண்டபமே கை தட்டியது. அந்த நேரம் குசினிக்குள் நின்று அந்த வடையைச் சுட்டுக்கொண்டிருந்தவர் ஆறுமுகத்தாரின் மனைவி ஜெயலட்சுமி அம்மா! மாக் கையோடு எட்டிப் பார்த்து, "என்ன சார், எதுக்குக் கை தட்றாங்க?" என்று கேட்டார். நான் யாருக்கோ பிறந்தநாள் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை அல்பேட்டின் கழுத்தில் விசில். அதற்கு அடுத்த கிழமை சட்டை. மச்சான், மண்ணிறச் சட்டை! அவருடைய மருமகனின் காவல் கம்பெனி இந்த நெருக்கடியில் பூட்டுப்பட்டுப் போக, மிஞ்சின சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து தன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். சட்டைப்பையில் "செக்யூரிட்டே" என்று எழுதியிருக்கிறது. அறுபது, எழுபது வயதுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு கக்கூஸ் வாசலில்கூடக் காவல் நிற்கிறார்கள். நான் ஆல்பத்தில் பார்த்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. வாற ஞாயிறு தீர்மானம் வருகிறது. இந்தியாக்காரர் இனி மண்டபத்துக்குள் வரக் கூடாதாம், சீட்டு மேசையில் இருக்கக் கூடாதாம். ஆறுமுகத்தாருக்கு இது இன்னும் தெரியாது. பாவி மனுசன், சீட்டில துரும்பை எப்ப கவிட்டு வைக்கிறது, எப்ப திறக்கிறது என்று எனக்குப் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று, மச்சான். நான் அந்தப் படத்துக் கிழவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழும்பிக் கதைக்கப் போறன். "அல்பேட், வடைக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எல்லாருக்கும் முன்னால் கேக்கப் போறன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியும் பார்த்துவிட்டேன். அடித்தால் அடிக்கட்டும், ஆளிடம் இருப்பது விசில்தானே. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் மன்றத்திலிருந்து துரத்தப்பட்டிருந்தால் வெட்கப்படாதேயுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைகள் நோய் நொடியின்றி இருக்கட்டும். உங்கள் வீட்டு நாய்க்கும் ஒரு தடவு தடவிவிடுங்கள்.

என்றும் நீதியின் பக்கம் நிற்கும்,
நடராசா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். இன்று ஞாயிறு பின்னேரம். மேலே அல்பேட்டைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் தணித்து வாசிக்கவும். நான் எழும்பினது உண்மை. வாய் திறக்க முன்பே அவர், "நடராசா அண்ணை எழும்பிட்டார்! செயலாளர் எண்டால் இவர்தான்!" என்று சொல்ல, முழு மண்டபமும் கை தட்டியது. எனக்கு இப்படி ஒருநாளும் ஒருவரும் கை தட்டினதில்லை, மச்சான். அந்தக் கைதட்டிலேயே தீர்மானமும் நிறைவேறிவிட்டது. மண்டபத்தில் ஹீட்டரையும் குறைத்துவிட்டார்கள். சட்டை தந்தார்கள், குளிருக்குப் போட்டேன், நல்ல தடிப்பான துணி. தடையின் முதல் நாள் வாசலில் செயலாளர்தான் நிற்க வேண்டுமாம். ஆறுமுகத்தார் சீட்டுக்கட்டோடு வந்தார். "சார், சட்டை உங்களுக்குப் பெருசா இருக்கே" என்று சிரித்தார். "தீர்மானம் எண்டு ஒண்டு வந்திட்டுதுதானே, ஆறுமுகத்தார்" என்றேன். சீட்டுக்கட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "முழங்கால் இப்போ எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் ஜெயலட்சுமி அம்மாவைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் திரும்பிப் போய்விட்டார். இன்றைக்கு வடை இல்லை. சுடத் தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பெரிய வடைக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று அல்பேட் சொல்கிறார்.

ஒரு சந்தோசமான செய்தியும் உண்டு. வீட்டுக்கு வந்த என்னைக் கண்டு தீப்தி வாயைப் பிளந்தபடி நின்றாள். "அசையாதேங்கோ அப்பப்பா" என்று சொல்லி, சட்டையோடு ஒரு படம் எடுத்தாள். என்ன இருந்தாலும் பிள்ளைக்கு என்னில் பாசம். ஆல்பத்தில் ஒட்டப் போகிறாளாம், கடைசிப் பக்கத்தில்.