சுட்டானா, சுட்டதா?

ஆம்பூர்
1912 மே 18, சனிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு ஆம்பூர் நிருபர் காசிநாதன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நான் சௌக்கியம். கன்னியப்பன் லாக்கப்பில்.

இன்று மாலை நான்கு மணிக்கு ஊர்ஜிதமான விஷயம்: தோல்மண்டி முதலாளி நிசார் அஹமதுவின் கைத்துப்பாக்கி உறைக்குள்ளிருந்து வர மறுத்ததால், உறையைக் கத்தியால் அறுத்தே எடுத்தார்கள். சொன்னவர் ஏட்டு பச்சையப்பன், அறுத்தவரும் அவரே. அறுத்தபோது உள்ளே தோல் இறுகிப்போய், துப்பாக்கியை ஒரு கை பிடித்திருப்பதைப்போலவே பிடித்திருந்ததாம். கேட்டதும் நேரே தோல்மண்டிக்கு ஓடினேன். காரணம், வியாழனன்று நான் அனுப்பிய தந்தியில் "சேணம் தைக்கும் கன்னியப்பன் முதலாளியைச் சுட்டான்" என்றிருந்தது. தாங்களும் வெள்ளியன்று பிரசுரித்துவிட்டீர்கள்.

நடந்தது இது. ஆலங்காயம் காட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாங்கப் போகிறவர் என்பதால் முதலாளி சீமையிலிருந்து இந்தப் புதுத் துப்பாக்கியைத் தருவித்தார். பிடியின் பின்புறம் ஒரு தகடு பிதுங்கி நிற்கிறது. உள்ளங்கை அதை அழுத்த, அதே சமயம் விரல் விசையை இழுத்தால்தான் குண்டு கிளம்பும், கீழே விழுந்தாலும் கிளம்பாது என்பது கம்பெனியின் பரீட்சார்த்தக் காப்பு. உறை தைக்கச் சொன்னபோது கன்னியப்பன் குண்டு போட்டுத்தான் கொடுக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். "பசியில அளவெடுத்தா, சாப்ட்டப்புறம் பத்தாம பூடும் மொதலாளி!" முதலாளியும் காப்பை நம்பிப் போட்டுக் கொடுத்தார். இவன் ஊறவைத்த தோலைச் சுற்றி, விசை வளையத்துக்குள்ளும் நன்றாகத் திணித்து, தைத்து, மே மாத வெயிலில் ஆணியில் தொங்கவிட்டான். பகல் இரண்டு மணிக்கு முதலாளி வந்து "காஞ்சுதா?" என்றார். தோல் காய்ந்து சுருங்கித் தகட்டை அழுத்தி விசையையும் இழுக்க, துப்பாக்கி உறைக்குள்ளேயே வெடித்தது. முதலாளியின் துருக்கித் தொப்பியில் இரண்டு ஓட்டைகள். தலையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தோல்தான் சுட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். கேட்லாக்கை என் முன் விரித்தார். "பாரு சாரே, கை இல்லாம வெடிக்காதுன்னு எழுதிக்கீது. வெடிச்சிச்சு. அப்ப கை இருந்திச்சு. பக்கத்துல இருந்தது யாரு கை?" காப்பு எவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்குக் கன்னியப்பன் குற்றவாளி. ஏட்டிடம் போனால் அவர் நம் பத்திரிகையையே கத்தரித்துக் கேஸ் கட்டில் சேர்த்துவைத்திருக்கிறார். "நீங்களே போட்டுட்டீங்களே சார், இதுக்கு மேல சாட்சி இன்னாத்துக்கு?" ஸ்டேஷன் வாசலில் கன்னியப்பன் சம்சாரம் கெங்கம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கொலைகேஸாம், அந்தமானாம்! நீ கண்ணால பாத்தியா, எழுதிட்டியே?" பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்தி அனுப்புகிறவன், பார்க்காமல் அஃறிணையை உயர்திணை ஆக்கிவிட்டேன். ஆகவே "சுட்டான்" என்பதை "சுட்டது" என்று திருத்தி, தோல் சுருங்கிய விவரத்தோடு திங்கள் காலைப் பதிப்பிலேயே போடும்படி மன்றாடுகிறேன். ஒரு மனுஷன் தலை இதில் இருக்கிறது.

தங்களுக்கும் அச்சுக்கூடத்தாருக்கும் பகவான் நோயற்ற வாழ்வும் பிழையற்ற புரூஃபும் அருள்வாராக.

இப்படிக்கு,
ஆம்பூர் காசிநாதன்

பின்குறிப்பு: எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டும் வழக்கப்படி, லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று கன்னியப்பனுக்கு இதை வாசித்தேன். "சுருங்கிய" என்ற இடத்தில் எழுந்துவிட்டான். "இன்னா சாரே எழுதிக்கிற? நான் பதம் பண்ண தோலு சுருங்குமா? இது பட்டணம் போச்சின்னா எவன் எங்கிட்ட சேணம் வாங்குவான்? அதுக்கு நானே சுட்டேன்னு எழுதிக்க!" என்றான். ஏட்டு எழுதிக்கொண்டார், கைநாட்டும் வாங்கிவிட்டார். "இவன் கல்லு வுட்டா எதிர்ல நிக்கிற எருமை மேல படாது, இவனா சுட்டான்! நீங்க ரெண்டு பேரும் அப்பால போங்க, நான் பேசிக்கிறேன்" என்று உள்ளே வந்த கெங்கம்மாள் ஏட்டையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டாள். பேச்சு இன்னும் முடியவில்லை. தெருமுனை வரை கேட்கிறது. திங்கள் பகல் பதினொரு மணிக்கு வேலூர் கோர்ட்டில் கேஸ் கூப்பிடுவார்கள். அதுவரை மேற்கண்ட எதையும் அச்சுக் கோக்க வேண்டாம்.