மேப்பிள் மரத்தில் முட்டி கட்டியவர்

ஒரு மனிதனின் மரியாதையைப் பெரும்பாலும் பிறர் கெடுப்பதில்லை. அதைக் காப்பாற்ற அவன் எடுக்கும் முயற்சிகளே கெடுக்கின்றன. இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் ஊரில் என் வீட்டு முன்முற்றத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மதுவிலக்கைப் பற்றிப் பல மேடைகளில் பேசியவன். தலைமை தாங்க அழைத்தால் மறுப்பதில்லை (அழைக்காத இடங்களிலும் ஓரிரு முறை தாங்கியதுண்டு). இத்தகைய ஒருவனை இன்று ரொறன்ரோத் தமிழரில் முக்கால்வாசிப் பேர் எதற்காக அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதை விளக்குவது என் கடமையாகிறது.

அது பங்குனி மாதம். எங்கள் மகள் தாரணியைப் பார்க்கப் பையனின் பெற்றோர் வருவதாக இருந்தது. ‘பார்க்க’ என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்வது. பிள்ளைகள் இருவரும் மண்டபம் வரைக்கும் தீர்மானித்துவிட்டார்கள். ஆயினும் பையனின் தாயார், குடும்பத்தை நேரில் பார்த்த பின்னரே சம்மதம் சொல்வதாக அறிவித்திருந்தார். பார்க்கப்படப் போவது மகளல்ல, நானே என்பது விளங்கியது.

என் மனைவி புவனம் தன் தாய்வீட்டு முறைப்படி பயற்றம் பாயசம் காய்ச்சுவதாக முடிவாயிற்று. பயறை வறுத்துத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவித்து, பனங்கட்டியைக் கரைத்து வடித்து விட்டு, இறக்கும் தறுவாயில் தலைப்பால் சேர்க்கும் பாயசம் அது. பனங்கட்டி ஸ்காபரோக் கடையில் பொதியாகக் கிடைக்கும். பொதியில் வாங்குவதில் என்ன சிறப்பு இருக்கிறது? பனி உருகும் அந்தப் பருவத்தில் கனடியர்கள் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறெடுத்துக் காய்ச்சுகிறார்கள். நம்மவர் பனையில் செய்வதும் அதுதானே என்று எண்ணினேன். (பனையை நான் கரும்பலகையில் மட்டுமே வரைந்திருக்கிறேன்.) முந்திய கார்த்திகையில்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தோம். வாசலில் இலையுதிர்ந்த மரமொன்று நின்றது. கனடாவில் வாசலில் நிற்பது வேறென்ன மரமாக இருக்க முடியும்?

தைப்பொங்கலுக்கு வாங்கிய மண்பானை நிலவறையில் கிடந்தது. மரத்தில் துளையிட்டு, ஒரு குழாயைச் செருகி, பானையைக் கயிற்றால் கட்டினேன். விருந்தினருக்கு இது ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால் மகளிடமும் சொல்லவில்லை. புவனம் மட்டும் யன்னலால் கண்டுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, உது என்ன வேலை? றோட்டாலை போற தமிழாக்கள் கண்டா, மாஸ்டர் கள்ளு இறக்கிறார் எண்டெல்லே கதைப்பினம்.”

நான் திடுக்கிட்டேன். பனஞ்சாற்றைச் சும்மா விட்டால் புளித்துக் கள்ளாகும். சாறு சேரக் கட்டும் பானையான முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இனிய கருப்பநீராக இருக்கும். ஆகவே வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை வாங்கிவந்து பானையின் உள்ளே பூசினேன். கௌரவம் சம்பந்தப்பட்ட விடயமாதலால், சுவருக்கு வெள்ளையடிப்பது போலவே பூசினேன். அந்தக் குளிரில் எதுவும் எளிதில் புளிக்காது என்பது நானே மாணவருக்குக் கற்பித்த பாடம். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

பனையில் விடியற்காலையிலேயே முட்டி இறக்குவார்கள். எனவே நானும் வேட்டிக்கு மேல் குளிரங்கி அணிந்து விடியற்காலையில் போனேன். பானையில் பனிக்கட்டி இருந்தது. முதல்நாள் மாலை நீராக இருந்த அளவுக்கு மேல் ஒரு துளியும் ஏறியிருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அணிலைச் சந்தேகித்தேன், குழாயைச் சந்தேகித்தேன், இறுதியில் பல்கலைக்கழகம் எனக்களித்த பட்டத்தையே சந்தேகித்தேன். அந்த மரங்கள் உறைபனி இரவில் ஓய்ந்து பகல் வெயிலில்தான் சொட்டும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நானும் யாரிடமாவது கேட்டிருக்கலாம். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த என்னை நாயோடு நடந்த முன்வீட்டுப் பெண் இரக்கத்தோடு பார்த்தாள். நான் கம்பீரமாகத் தலையசைத்தேன்.

விருந்தினர் வரும் நாள் காலை, சேர்ந்த சாறு முழுவதையும் அடுப்பில் ஏற்றினேன். எழுந்த ஆவியில் அடுப்படிக் கூரையிலிருந்து நீர் சொட்டியது. புகை எச்சரிக்கை மணி அலறியது. முடிவில் ஓர் அகப்பையளவு சாம்பல் நிறக் களி மிஞ்சியது. புவனம் சேலை மாற்றப் போன சமயம் பார்த்து அதைப் பாயசத்தில் கலந்தேன். சுவை பார்க்கவில்லை. வெறும் பானையை மீண்டும் மரத்தில் கட்டிவிட்டேன்.

பையனின் தந்தை தம்பிராசா காரிலிருந்து இறங்கியவர், வீட்டுக்குள் வராமல் மரத்தடியில் நின்றார். முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெடுநாள் காணாமற்போன உறவினரைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தார். அறிவியல் ஆர்வம் உள்ளவர் போலும் என்று மகிழ்ந்தேன். இன்ப அதிர்ச்சி கெட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, பிறகு சொல்வதாகச் சொன்னேன். அவரும் குரலைத் தாழ்த்தி, “விளங்குது மாஸ்டர்” என்றார். அவருக்கு என்ன விளங்கியது என்பது எனக்கு விளங்கவில்லை.

பாயசம் வந்தது. பையனின் தாயார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். மகள், “அப்பா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள். நானும் குடித்தேன். புதிதாக வெள்ளையடித்த மதிலை நக்கினால் இப்படித்தான் இருக்கும். வாசல் மரத்துச் சர்க்கரை போட்டது என்று விளக்கினேன். தம்பிராசா மட்டும் பாராட்டும் பாவனையில் புன்னகைத்தார். புறப்படும்போது மரத்தை அன்போடு தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

என் தவறால் மகளின் கலியாணம் குழம்பிவிட்டது என்று கூனிக் குறுகியிருந்தேன். மாலையில் பையனின் தாயார் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் தெரிவித்தார். அந்தப் பாயசத்துக்குப் பிறகு எப்படிச் சம்மதம் வரும்? புவனம் தொலைபேசியை வைத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

“உந்தப் பாயசத்துக்காக ஒரு படிச்ச மனுசன் மரத்திலை முட்டி கட்டுவரோ, பாயசம் சும்மா ஒரு சாட்டு எண்டு தம்பிராசா அண்ணை சொன்னவராம். மாஸ்டரை இறுக்கமான ஆள் எண்டு பயந்தவையாம். இப்பதான் நிம்மதியாம்.”

உடனே மறுத்துக் கடிதம் எழுத எழுந்தேன். புவனம் குறுக்கே நின்றாள்.

“கலியாணம் முடியுமட்டும் வாய் திறக்காதேங்கோ.”

ஒரு பக்கம் என் வாழ்நாள் பெயர். மறு பக்கம் என் பிள்ளையின் முகம். வாழ்க்கையில் முதன்முறையாக, பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருந்தேன்.

சித்திரையில் கலியாணம் முடிந்த பின் தாவரவியல் ஆதாரங்களுடன் விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. மே மாதம் மரம் துளிர்த்தபோது அது மேப்பிளே அல்ல, வால்நட் என்று தெரிந்தது. இதையும் நேர்மையாகச் சொன்னேன். “பாத்தியளே, என்ன மரமெண்டாலும் மாஸ்டர் இறக்குவார்” என்று சம்பந்தி ஊரெல்லாம் பரப்பினார்.

இப்போது எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும், வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்து இரகசியமாகக் குடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்னைக் கண்டு குவளைகளை ஒளிப்பதில்லை, விலகி வழிவிடுகிறார்கள். அண்மையில் மார்க்கம் நகர மண்டபமொன்றில் ஒருவர் பணிவோடு ஒரு குவளையை என் மூக்கருகே நீட்டி, “மாஸ்டர், ஒருக்கா மணந்து பாத்துச் சொல்லுங்கோ, இது திறமோ?” என்றார்.

நான் வாழ்நாளில் ஒரு துளி குடித்தவனல்லன். ஆனால் கூட்டமாக நின்று என் கருத்தைக் கேட்கிறார்கள். மணந்து பார்த்தேன். சற்று யோசித்தேன்.

“பரவாயில்லை,” என்றேன்.