நாலுவாசல் அண்ணாச்சியின் அம்மன் கோயில்

அந்த வாரம் நடந்தவை:

1. வெம்பக்கோட்டைப் பக்கம் எழும்பும் அம்மன் கோயில் மண்டபத்துக்கு நாலுவாசல் அண்ணாச்சி நான்கு வாசல் வைத்தார்.
2. பக்கவாட்டு வாசல் இரண்டையும் அடைக்க, கோயில் கமிட்டி செங்கல் இறக்கியது.
3. தர்மகர்த்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

மூன்றாவதற்கு நானே சாட்சி. ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது.

சாமியே வந்து கேட்டாலும் ஒரு வாசலைக் குறைக்க மாட்டார் எங்கள் அண்ணாச்சி. கோயில் கட்ட வருவதற்கு முன் இருபது வருடம் பட்டாசு கம்பெனிகளுக்கு ஷெட் வரைந்தவர். ஆள் இருக்கும் இடமென்றால் எதிரெதிரே வாசல் வேண்டும், கதவு வெளியே பார்த்துத் திறக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் வாசலோரத்து இலைதான் அவருக்கு. சலூனில் கதவை மறித்துக் கிடந்த பெஞ்சை, பாதி சவரத்தில் எழுந்துபோய் நகர்த்தியவர். கருவறைக்கு ஒரே வாசல்தான் என்பதை ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆனது. “சரி, அம்மன் சமாளிச்சுக்கிடுவா” என்று பெருமூச்சு விட்டார். அவரிடம் வரைபடம் போடும் சிவில் இன்ஜினியர் நான்.

தர்மகர்த்தாவும் பட்டாசு முதலாளிதான். அவருக்கு அந்த இரண்டு வாசல் இருக்கும் இடத்தில் உபயதாரர் கல்வெட்டு வேண்டும்.

“அண்ணாச்சி, இது கோயிலா, வெடிமருந்து ரூமா?”

“கோயில்ல சூடம் பொருத்துவீகளா, மாட்டீகளா?”

“அதுக்காக? சாமி கும்பிட வாரவுக ஓடவா வாராக?”

“ஒரு செங்கல் வச்சாலும் நான் கும்பாபிஷேகத்துக்கு வரமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

அது அவருடைய முதல் பெரிய கோயில். கடைசியில், ஆள் நிறைந்த மண்டபம் எத்தனை நொடியில் காலியாகிறது என்று பார்க்கும் ஒரு சோதனைக்கு இருவரும் சம்மதித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம், பட்டாசு கம்பெனி வேனில் வீடு திரும்பிய பெண்களை மண்டபத்தில் உட்கார வைத்தோம். தர்மகர்த்தாவும் அவர்கள் நடுவே உட்கார்ந்தார். அண்ணாச்சி கையைத் தூக்கினார். நான் பொத்தானை அழுத்தினேன்.

“ஓடுங்க!” என்று கத்தினார் அண்ணாச்சி.

எட்டே நொடியில் தர்மகர்த்தா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பெண்கள் ஒருவர்கூட அசையவில்லை. அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது.

“ஏக்கா, ஏன் ஓடல?” என்றேன், முன்னால் இருந்த மாரியக்காவிடம்.

“எதுக்குத்தா ஓடணும்? மத்த கோயில்ல ஒரு கண்ணு வாசல்லயே கெடக்கும். கம்பெனிப் பழக்கம். இங்கன எங்க உக்காந்தாலும் பக்கத்துலயே வாசல் இருக்கு. இன்னைக்குத்தான் ரெண்டு கண்ணையும் மூடிக் கும்பிட்டேன்.”

வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கியபடி தர்மகர்த்தா செங்கல் குவியலைப் பார்த்தார். “கல்வெட்ட மதில்ல பதிச்சுக்கிடலாம்லே” என்றார், பக்கத்தில் நின்ற கொத்தனாரிடம்.

கும்பாபிஷேகம் முடிந்துவிட்டது. நான்கு வாசலும் திறந்திருக்கின்றன. அண்ணாச்சி இப்போது தாயில்பட்டியில் ஒரு சர்ச்சுக்கு ஆறு வாசல் போடச் சொல்லியிருக்கிறார். பாதர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எங்கே போனாலும் முதலில் வாசலை எண்ணுகிறேன். அண்ணாச்சி கட்டிய அந்தக் கோயிலில் மட்டும் எண்ணுவதில்லை.