நீர்வீழ்ச்சிக்கு வாளி கொண்டுபோனவர்

இலங்கைத்தீவின் மலைகளையும் அருவிகளையும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கதிரையில் அமர்ந்தபடியே சுற்றி முடித்தவர், என் அறிவுக்கு எட்டியவரையில், ஒருவர்தாம். பெற்றோர் இட்ட பெயரொன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அதை அறிந்த எவரையும் நான் கண்டதில்லை. எங்களுக்கு அவர் நீர்வீழ்ச்சி அண்ணை.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், நாங்கள் தங்கியிருந்த லொட்ஜின் கீழ்த்தளத்தில், அவர் ஒரு கொமினிகேஷன் நடத்தினார். வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கடை அது. போர்க்காலம். யாழ்ப்பாணத்தவரிற் பாதிப்பேர் வெள்ளவத்தையில் வரிசையில் நின்று, கனடாவிலும் சுவிஸிலும் இருந்த மறுபாதியோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருப்போரின் கண் படும் இடமெங்கும் அண்ணை நாட்காட்டிகளிலிருந்து கிழித்தெடுத்த நீர்வீழ்ச்சிப் படங்களை ஒட்டியிருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு விளக்கவுரை கேளாமல் தப்பியவர் எவருமில்லை.

"இது விழேக்கை எழும்புற புகை இருக்கெல்லே, அது அடுத்த ஊரிலை காயப்போட்ட உடுப்பையும் நனைக்கும்."

"நீங்கள் நனைஞ்சனீங்களோ, அண்ணை?"

"நனையிறதுக்கு அங்கை போகவேணுமோ? படத்தைத் தொட்டுப் பார்."

அவருடைய பித்துக்குக் காரணம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் மலையில்லை; ஆறுமில்லை. தண்ணீர் என்பது கிணற்றின் அடியிலிருந்து கைநோக மேலே இழுக்கப்படுவது. அத்தகைய பொருள் ஒருவரும் இழுக்காமல், ஒருவரும் கேட்காமல், உயரத்திலிருந்து தானாக வந்து விழுகிறது என்பதை அவர் தெய்வச் செயலுக்குச் சற்றே மேற்பட்டதாகக் கருதினார்.

ஆகவே சுற்றுலாக்களும் நடத்தினார். ஒன்றேனும் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததில்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலை எங்களுக்கு அடுத்த வீடு போன்றது. அங்கே போவதற்குள் சோதனைச் சாவடியில் நின்ற நேரத்தில், மிருகங்கள் உண்டு உறங்கிவிட்டன. கண்டிக்குப் புறப்பட்ட வாடகை வான் வண்டியைக் களனிப் பாலத்தருகே திருப்பிவிட்டார்கள். அண்ணை தளரவில்லை. ஆற்றைச் சுட்டிக்காட்டி, "மலையிலை விழுந்த தண்ணிதான் இதாலை போகுது. வடிவாப் பாருங்கோ. பாத்தாச்செண்டு வையுங்கோ" என்று கூறி, திரும்பும் வழியெல்லாம் அந்தத் தண்ணீர் விழுந்த விதத்தை விரித்துரைத்தார்.

மேல்மாடியில் பவானி என்றொரு பெண் சில மாதங்களாகத் தங்கியிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், கனடாவில் மணமகன் காத்திருந்தார், அடுத்த கிழமை விமானம். ஒருநாள் தொலைபேசிக்காகக் காத்திருந்தவள், அண்ணையின் விளக்கவுரையை இடைமறித்தாள்.

"அண்ணை, அங்கை ஆரும் உங்கட நாடு எப்பிடியெண்டு கேட்டா, நான் என்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தெரிஞ்சது செக்பொயின்ற்றும் இந்த லொட்ஜும்தான்."

அண்ணை சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடு, பிள்ளை, நீர்வீழ்ச்சிக்குப் போவம்" என்றார்.

நான் தடுத்தேன். "பிடிச்சு வைச்சாங்களெண்டா பிளேன் போயிடும். மாப்பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது? கனடாவிலை இதைவிடப் பெரிய நீர்வீழ்ச்சி இருக்காம், அதைப் பாக்கட்டும்."

"அது அவையின்ரை தண்ணி" என்றார் அண்ணை.

"நான் போறன்" என்றாள் பவானி. என்னைப் பார்த்து, "பயமெண்டா நீங்கள் நில்லுங்கோ" என்றும் சொன்னாள். இதன் பின் நானும் போகவேண்டியதாயிற்று.

ஏற்பாடுகள் குறைவற நடந்தன. அது மாசி மாதம். மழை பெய்து பயணத்தைக் கெடுக்காது என்பதில் அண்ணைக்குப் பெருமகிழ்ச்சி. இடியப்பமும் சம்பலும் வாழையிலையிற் கட்டப்பட்டன. இறுதியாக அண்ணை ஒரு பெரிய அலுமினிய வாளியையும் கயிற்றையும் வானில் ஏற்றினார். குளிக்கப் போகிறவர் வாளியில்லாமற் போவதுண்டா? எங்களில் ஒருவருக்கும் அது வியப்பாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவிசாவளைக்கு அப்பால் ஒரு சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டைகளை வாங்கிய சிப்பாய், பவானியின் பிறந்த இடத்தை நெடுநேரம் வாசித்தான். அவளைத் தனியே நிற்கச் சொன்னான். விமானம் புறப்பட்டுப் போவது என் கண்ணுக்கே தெரிந்தது. அவ்வேளையில் வானைச் சோதித்த இன்னொரு சிப்பாய் வாளியோடும் கயிற்றோடும் இறங்கிவந்து, இது எதற்கு என்று அதட்டினான்.

"நாண்ட, மஹத்தயா" என்றார் அண்ணை, குளிப்பதற்கு ஐயா என்னும் பொருள்பட.

"எஹே வத்துர நெத்த?" அங்கே தண்ணீர் இல்லையா என்பது அவனுடைய கேள்வி.

அண்ணைக்குத் தெரிந்த சிங்களம் அத்துடன் முடிந்தது. ஆகவே செய்துகாட்டினார். நடுவீதியில் நின்று, இல்லாத கிணற்றில் வாளியை இறக்கி, கயிற்றைக் கைமாற்றி இழுத்து, மூச்சை அடக்கித் தலையில் ஊற்றி, மேனி சிலிர்த்தார். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டு மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்த அதிகாரிக்காக மீண்டும் ஒருமுறை குளித்தார். இம்முறை சவர்க்காரமும் போட்டார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பவானியின் அட்டையை அவளிடமே நீட்டி, "யன்ன, யன்ன", போங்கள் போங்கள் என்று வழிவிட்டார்.

வானில் ஏறியதும் அண்ணை மனம் நொந்து கேட்டார்: "குளிக்கிறதிலை என்ன சிரிப்புக் கிடக்கு, தம்பி?"

நீர்வீழ்ச்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மாபெரும் கரும்பாறை இருந்தது. மழையற்ற மாதத்தைத் தேர்ந்தெடுத்த எங்கள் விவேகத்தின் பயனாக, அதன் ஒரு மூலையில், எங்கள் லொட்ஜின் குழாய் வெட்கப்படாத அளவுக்கு, நீர் நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணை அண்ணாந்து நின்றார். ஆயுளில் முதன்முறையாக ஒரு நீர்வீழ்ச்சியின் முன் நின்ற அவரிடம் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

"படத்திலை கனக்க இருந்தது, பிள்ளை" என்றார் மெல்ல.

பவானி அவர் கையிலிருந்த வாளியை வாங்கி, அந்த நூலுக்கு நேரே வைத்தாள். அது நிறையும்வரை எல்லோரும் சூழ்ந்து நின்றோம். நிறைந்ததும் உடுத்த உடுப்போடு தலையில் கவிழ்த்தாள். குளிரில் ஒரு கூச்சல். அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. இத்தனை மாதங்களில் அவள் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. பிறகு எல்லோரும் வரிசையில் நின்று குளித்தோம். வரிசையில் நிற்க எங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்!

விமானத்துக்கு உரிய நாளில் அவள் போனாள்.

சில மாதங்களின் பின் ஒரு மாலை, கொமினிகேஷனுக்கு வந்த அழைப்பொன்றை அண்ணை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓமோ?" "பிறகு?" என்பவை தவிர அவர் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

"ஆர், அண்ணை?"

"பவானி. அங்கை மாமி வீட்டுக்காரருக்கு எங்கட நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொன்னவளாம். எனக்கும் சொன்னவள். பாறையே தெரியாமல் விழுந்ததாம். பக்கத்திலை நிண்ட ஆள் கதைச்சதும் கேக்கேல்லையாம். எழும்பின புகையிலை ரோட்டிலை நிண்ட வானும் நனைஞ்சு போச்சாம்."

தொலைபேசியைத் துணியால் துடைத்துவைத்தார்.

"அவள் சொல்லுறதைக் கேக்க, ஒருக்காப் போய்ப் பாக்கவேணும் போல கிடக்கு, தம்பி."

"ஞாயிற்றுக்கிழமை எண்டா நானும் வாறன், அண்ணை" என்றேன்.