டான்யூப் கரையில் கவிழ்ந்த சம்பந்தம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இதை போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். என் போன் உங்கள் தங்கையின் துணி அலமாரியில் கம்பளிப் போர்வைக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவள் இடுப்பில். ஆகவே கடிதம்.

நீங்கள் அலைந்து திரிந்து பேசி முடித்த சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டு வரவேற்பறையில் தலைகுப்புற விழுந்துவிட்டது. மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒரே பரிசோதனைக்கூடத்தில் வேலை, ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று, பெரியவர்கள் உட்கார்ந்து தலையாட்டினால் போதும் என்ற அளவுக்கு நீங்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தீர்கள். அந்தத் தலையை ஆட்டத் தெரியாமல் ஆட்டிக் கெடுத்தவன் நான்தான். "போய்ட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்த்தே ஓய்ந்துபோன எனக்கு, ஓய்வுக்குப் பிறகு கை நமைச்சல் தாங்கவில்லை. நம் வீட்டுப் பெட்டியை மூன்றாவது முறை பிரித்துப் போட்டபோது உங்கள் தங்கை கையெடுத்துக் கும்பிட்டு, இணையத்தில் எங்காவது போய் உட்காருங்கள் என்றாள். போய் உட்கார்ந்த இடம்தான் புதிர் மாற்றிக்கொள்ளும் குழு. ஐரோப்பாவின் ஊர், சரித்திரம், கலை, பயணம் இவை பற்றி ஒரு புதிர் கொடுத்தால் பதிலுக்கு ஒரு புதிர் கிடைக்கும், பண்டமாற்று மாதிரி. குழுவில் ஒருவரும் ஐரோப்பாவை எட்டிக்கூடப் பார்த்தவர் இல்லை. சொந்தப் பெயரும் கிடையாது. நான் தொழில்முறைப்படி 'பனிமலை'. தேடிப் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது, பதில் தெரியாவிட்டால் எல்லோர் முன்னாலும் "தோற்றேன், வழிகாட்டுங்கள்" என்று எழுதவேண்டும், அதன் பிறகுதான் விடையைத் தேடிப் படிக்கலாம். இந்த இரண்டு வார்த்தையை நான் ஒருபோதும் எழுதியதில்லை, 'மணிக்கூண்டு' என்று ஒருவர் வந்து சேரும்வரை எழுத வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

சனிக்கிழமை மணிக்கூண்டு ஒரு புதிர் போட்டார். ஓர் ஊருக்குள் இரண்டு நாட்டு எல்லைக்கோடு வீடுகளுக்குள்ளேயே புகுந்து ஓடுகிறது, வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம், எந்த ஊர்? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஓர் ஊரே கிடையாது, இது கட்டுக்கதை, "அரைவேக்காடு அடுப்பை விட்டு இறங்கக்கூடாது" என்று எழுதிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நன்றாகத் திட்டினோம் என்ற திருப்தியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பையனும் அப்பா அம்மாவும் வந்தார்கள். அச்சகக்காரரான பையனின் அப்பாவை, நடுவில் குழி விழாத நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்தேன். கணக்கு டீச்சரான அம்மா ஒதுங்கி உட்கார்ந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அச்சகக்காரர், "எங்க வீட்ல சாப்பிட உக்காந்தாலும் ஐரோப்பாதாங்க பேச்சு. நேத்துகூட பனிமலைன்னு எவனோ ஒருத்தன் குழுவுல வம்புக்கு வந்திருக்கான். கையில மட்டும் கெடைக்கட்டும்!" என்றார். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். மணிக்கூண்டு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறது! உங்கள் தங்கை ஒன்றும் புரியாமல், "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க, போனும் கையுமா..." என்று ஆரம்பித்தாள். நான் இருமினேன். அவள் நிறுத்தவில்லை. தேநீரை என் மடியிலேயே கொட்டிக்கொண்டேன், அப்போதுதான் நிறுத்தினாள்.

துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், இனி இந்த மனிதர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவது என்று முடிவெடுத்தேன். அவரோ, "டான்யூப் நதி மூணு தலைநகரம் வழியா ஓடுது, தெரியுமா உங்களுக்கு?" என்றார். நான்கு, மச்சான்! வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு. இரண்டாவதை எல்லோரும் மறப்பார்கள் என்பதால்தான் நானே அதைப் போன மாதம் குழுவில் புதிராகப் போட்டேன். இருந்தாலும் பெண்ணைப் பெற்றவன் அல்லவா, "மூணேதாங்க" என்றேன். மூலையிலிருந்து அந்த அம்மா, "மூணா? நல்லா எண்ணிப் பாத்தீங்களா?" என்றார். அங்கே வாயை மூடியிருக்கலாம். சனி நாக்கில் உட்கார்ந்திருந்தான். "இதுல எண்ண என்னங்க இருக்கு? நாலுன்னு சொல்றவங்க அரைவேக்காடு. அரைவேக்காடு அடுப்பை விட்டு இறங்கவே கூடாது" என்றேன்.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "பனிமலை ஐயா, நாலுன்னு நான் பதில் சொன்னப்போ, சபாஷ் மணிக்கூண்டுன்னு எழுதினது நீங்கதானே?" என்றார். அச்சகக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா எழுந்துகொண்டார். "தெரியாம திட்டினதை மறந்துடலாம். தெரிஞ்சே பொய்க்குத் தலையாட்டுறவர் நாளைக்கு எங்ககிட்ட எதை மறைப்பாரோன்னுதான் பயமா இருக்கு." அவ்வளவுதான் மச்சான். அந்தப் பையன் செருப்பைப் போட மறந்து, பாதி வழியில் திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனான்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "நாலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் பொய் சொன்னேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கதவு ஊரும் இருக்கிறது மச்சான். தெருவில் கோடே போட்டிருக்கிறார்களாம், மகள் அவள் போனில் காட்டினாள். படத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் நேரில் அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த அம்மாவிடம் என் சார்பில் "தோற்றேன், வழிகாட்டுங்கள்" என்று சொல்லவேண்டும். இனி என் ஆயுசுக்கும் அந்தக் குழுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று நான் உங்கள் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பதையும் சொல்லவேண்டும். அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மானம்கெட்ட மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள், அந்தப் பையன் அனுப்பியதைக் காட்டப் போனோடு ஓடிவந்தாள். மணிக்கூண்டு புதிர் போட்டிருக்கிறார்: "நதியின் இரு கரையில் இரண்டு ஊர். பாலம் போட்டு, பிறகு ஒன்றாகி, இரண்டின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்ட நகரம் எது? பனிமலை மட்டும் பதில் சொல்லலாம்." உங்கள் தங்கையே அலமாரியைத் திறந்து போனை நீட்டி, "சத்தியமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல எழுதுங்க" என்றாள். 'புடாபெஸ்ட்' என்று எழுதி, அதன் கீழே எல்லோர் முன்னாலும், போன புதிருக்கு "தோற்றேன், வழிகாட்டுங்கள்" என்றும் எழுதினேன். உடனே பதில் வந்தது: "சரி. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். ஒரே நிபந்தனை. டான்யூப் நான்கு என்று என் வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்." ஆகவே நீங்கள் அங்கே போகவேண்டாம், மச்சான். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, அவருக்கும் எனக்கும் நடுவில், அந்தக் குழி விழுந்த நாற்காலியில் உட்காருங்கள்.